அண்ணனுக்குக் குடை பிடித்தவன்

மழை பெய்தால் திருவொற்றியூரே முகத்தைச் சுளிக்கும். ஒரே ஒரு ஆள் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவான். பெயர் திருமுருகன். தொழில், குடை பிடிப்பது. தனக்குத் தானே பிடித்துக்கொள்வதைச் சொல்லவில்லை, அதை நீங்களும் நானும்கூடச் செய்வோம். இவன் பிடிப்பது பகுதிச் செயலாளர் மாரியப்பன் அண்ணனுக்கு. எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாக் கட்சியிலும் நனையவே கூடாத தலை ஒன்று உண்டு, நனைந்தே தீர வேண்டிய தலை ஒன்று உண்டு. திருமுருகனுடையது இரண்டாவது ரகம்.

கடலோரத்தில் அடுத்தவனுக்குக் குடை பிடிப்பதைச் சாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணூர்ப் பக்கம் அடிக்கிற காற்று நின்ற இடத்தில் நிற்காது. கிழக்கே பார்த்துப் பிடித்தால் வடக்கிலிருந்து வந்து குடையை மல்லாத்தும். கம்பி நுனி அண்ணன் தலையில் இடிக்கக் கூடாது. குடைத்துணி அண்ணன் முகத்தை மறைக்கக் கூடாது, மறைத்தால் போட்டோ போச்சு. வழிகிற தண்ணீர் அண்ணன் தோளில் விழாமல் தன் தோளில் விழும்படி சாய்க்க வேண்டும். இதையெல்லாம் திருமுருகன் அசராமல் செய்வான். கல்யாண வயது வரப்போகிற பெண்ணைப் பெற்ற ஒருத்தனுக்கு இது ஒரு திறமை, இதில் அவனுக்குப் பெருமை வேறு. என்னத்தைச் சொல்ல!

இவன் அப்பன் விசைப்படகில் போய்ச் சம்பாதித்த ஆள். மகனையும் கூட்டிக்கொண்டு போனார். இவன் கரை கண்ணுக்கு மறையும் முன்பே வாந்தி எடுத்து, படகில் இருந்தவர்களின் சோற்றையும் கெடுத்தான். சரி, கடல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, அதை விடுங்கள். கன்டெய்னர் லாரியில் கிளீனராகச் சேர்த்துவிட்டார்கள். டிரைவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான் என்று ரோஷப்பட்டு, மணலி ரோட்டில் வண்டி நிற்கும்போதே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அப்பேர்ப்பட்ட ரோஷக்காரன்தான் பின்னால் மாரியப்பன் வாயிலிருந்து வந்த அத்தனை வார்த்தையையும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

எல்லாம் தேரடியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ஆரம்பித்தது. மாரியப்பன் அப்போது சின்ன ஆள், ஒரு வட்டத்துக்குத்தான் செயலாளர். அவர் மைக்கைப் பிடித்ததும் மழை கொட்டியது. மேடை ஓரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற திருமுருகன் கையில் யாரோ ஒரு குடையைத் திணித்துத் தள்ளிவிட்டார்கள். பேச்சு முடிகிறவரை கை மாற்றாமல் பிடித்தான். இறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, "ஷோக்கா புடிச்சடா. உம்பேரு இன்னா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு இவன் தன் வாழ்க்கையை எழுதிக் கொடுத்துவிட்டான்.

பலன் என்ன? வட்டப் பிரதிநிதி என்று ஒரு பதவி, அதை அச்சடித்த விசிட்டிங் கார்டு, அண்ணன் கூப்பிடும்போது பேரைச் சுருக்கி "திரு" என்று கூப்பிடுகிற சலுகை. பத்திரிகையில் வருகிற போட்டோவில் இவன் முழங்கையோ, பாதிக் காதோ இருக்கும். அதைக் கத்தரித்து பீரோவில் ஒட்டி வைப்பான். வீட்டில் உலை கொதிப்பது ஜெயஸ்ரீயால். விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலம் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தி விற்று, மகள் சௌமியாவை நர்சிங் படிக்க வைக்கிறவள் அவள்தான். புருஷன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், "அரசியல்ல கீறாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை வெட்டுவாள்.

சென்ற கார்த்திகையில் வந்த புயலைத்தான் சொல்ல வந்தேன். அது கரையைக் கடக்கவும் இல்லை, போகவும் இல்லை. கடலில் நின்றபடியே மூன்று நாளாகக் காற்றையும் மழையையும் ஊர்மேல் விட்டுக்கொண்டிருந்தது. திருமுருகன் குடியிருக்கும் நாகாத்தம்மன் சந்து பள்ளமான சந்து. பின்னால் ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய். மழைத் தண்ணீரும் சாக்கடையும் எங்கிருந்தோ மிதந்து வந்த கறுப்பு எண்ணெயும் சேர்ந்து சந்துக்குள் தொடையளவு நின்றன. வீடுகளுக்குள் முழங்கால் அளவு. பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் புருஷன் வாதம் வந்து படுத்த படுக்கையில் கிடப்பவர். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, அதுவும் போதாமல் மேலும் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் கடலில் ஓதம் ஏறினால் கால்வாய் இன்னும் பொங்கும். பொங்கினால் அந்தக் கட்டில் முங்கும். மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்தத் தொடையளவு தண்ணீரில் அந்தக் கனத்த உடம்பை யார் தூக்குவது?

அந்த நேரத்தில்தான் மோட்டார் விஷயம் ஜெயஸ்ரீ காதுக்கு வந்தது. தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் அந்தப் பகுதிக்கே ஒன்றுதான் கிடைத்திருந்தது.

"யோவ், ஒரு மோட்டாருதான் வருதாமே, மெய்யாலுமா?" என்று கேட்டாள். கட்டில் மேல் நின்று வேட்டி கட்டிக்கொண்டிருந்தான் திருமுருகன்.

"ஆமா. குட்டியானையில ஏத்திக்கினு எங்க பின்னாடியே வரும். அண்ணன் ஆய்வுக்கு நடந்து வராரு. அவரு எங்க கை காட்றாரோ, அங்க எறக்குவாங்க."

"அப்ப நம்ம சந்துல கை காட்டச் சொல்லு."

"அதெல்லாம் அண்ணன் பாத்து முடிவு பண்ணுவாரு."

"அந்தாளு பாக்க வாணாம், நீ சொல்லு. இத்தினி வருசமா அந்தத் தலைக்கு மேல கைய தூக்கிக்கினு நிக்கிறியே, உனுக்குன்னு ஒரு நாளாவது ஒண்ணு கேட்டுக்கிறியா? 'அண்ணே, என் வூட்ல தண்ணி பூந்துகினு கீது, வாண்ணே.' அவ்ளோதான். வாயில வரும்ல?"

"வரும்."

"சொல்லிக் காட்டு."

கட்டின புருஷனைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைத்தாள். அவனும் ஒப்பித்தான். அதோடு விட்டாளா? வாசலில் நின்று சந்து முழுக்கக் கேட்கிற மார்க்கெட் குரலில், "எங்க வூட்டுக்காரு அண்ணனை இட்டுனு வராரு! மோட்டாரு நம்ம சந்துக்குத்தான்!" என்று சொல்லிவிட்டாள். குப்பம்மா அங்கிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். திருமுருகனுக்கு நெஞ்சு விம்மியது. சொல்லப்போவதை நினைத்து விம்மவில்லை, கும்பிடு வாங்கியதில் விம்மியது.

தேரடிக் கட்சி அலுவலகத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. அதை ஆய்வு என்றார்கள். முன்னால் பின்பக்கமாகவே நடந்தபடி விமல், கையில் போன். கட்சியின் சமூக ஊடகப் பொறுப்பாளன் என்று அவனுக்குப் பட்டம். நடுவில் மாரியப்பன், மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் குடையோடு திருமுருகன். பின்னால் ஒரு கும்பல். அவரவர் குடை அவரவர் கையில் திரும்பிக்கொண்டு கம்பியாய் நின்றது. ஒருத்தன் செருப்பு தண்ணீரில் போய்விட்டது, அதைத் தேடக் குனிந்தவனை இன்னொருத்தன் இடித்தான். அண்ணன் சிரித்தால் சிரித்தார்கள், அண்ணன் நின்றால் நின்றார்கள். கடைசியில் மோட்டாரை ஏற்றிய குட்டியானை வண்டி நடையின் வேகத்துக்கு உருண்டு வந்தது. ஓட்டியவர் சௌக்கத் அலி.

எந்தத் தெருவில் நுழைவது என்பதை விமல்தான் முடிவு செய்தான். வெறும் ஈரத் தெரு என்றால், "இங்க ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்று தள்ளுவான். முட்டிக்கு மேல் தண்ணீர் என்றால், "வேட்டி கெட்டுடும்ணே" என்று தள்ளுவான். கெண்டைக்கால் அளவு நிற்கிற தண்ணீர்தான் அரசியலுக்குத் தோதான தண்ணீர். அப்படி ஒரு தெரு கிடைத்ததும், "அண்ணே, நடுவுல நில்லுங்க. கைய நீட்டி எதுனா சொல்றாப்ல. ஆங், ஷோக்கா கீது" என்பான். மாரியப்பன் காலியான சுவரைப் பார்த்துக் கையை நீட்டி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வார். மாடியிலிருந்து ஒரு பெரியவர், "மூணு நாளா கரண்ட் இல்லய்யா!" என்று கத்தினார். "பாத்துக்கலாம் தாத்தா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாரியப்பன் நகர்ந்தார். பின்னால் வந்த கும்பலும் ஆளுக்கொரு "பாத்துக்கலாம்" சொல்லிக்கொண்டே நகர்ந்தது.

திருமுருகன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. 'அண்ணே, என் வூட்ல தண்ணி பூந்துகினு கீது, வாண்ணே.' ஒரு தெருமுனையில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான், காற்று குடையைப் பிடுங்கியது. சரி, குடையைச் சமாளித்தாயிற்று. அடுத்த முனையில் அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த முனையில் அண்ணன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், திட்டுகிற நேரத்தில் கேட்பது மரியாதை இல்லை. சொல்லத் தைரியம் இல்லாதவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். அண்ணன் டீ குடித்துக்கொண்டே, தற்செயலாகத் திரும்பி, அவராகவே கேட்டார். நன்றாகக் கவனியுங்கள், அவராகவே.

"திரு, உன் வூடு இங்கதான எங்கியோ? தண்ணி கிண்ணி வந்துச்சா?"

தட்டில் வைத்து நீட்டியது மாதிரி வந்த கேள்வி. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? மூன்று நாளாகப் பொண்டாட்டியும் மகளும் அடுப்பு மேடையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறார்கள். ராத்திரி ஒரு பாம்பு மிதந்துபோனதைச் சௌமியா பார்த்துக் கத்தியிருக்கிறாள். இவன் சொன்ன பதில் இதுதான்:

"லேசாண்ணே."

"லேசுதான?"

"லேசுதாண்ணே. நீங்க டீ குடிங்க, ஆறிடப் போவுது."

கூட வந்த கும்பலில் ஸ்டானிஸ்லாஸ் என்பவர் திருமுருகனை ஒரு மாதிரி பார்த்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இவன் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி இருப்பவர். இவருக்கு அந்தப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. அந்தக் குடையின் மேல் அவருக்கும் வெகுநாளாக ஒரு கண் இருந்தது.

மழை கொஞ்சம் தணிந்து காற்று ஏறியது. ஊர்வலம் நாகாத்தம்மன் சந்தின் வாய்க்கு வந்துவிட்டது. விமல் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "இது ஆழம்ணே, நேரா போயிடலாம்" என்றான். ஆனால் போக முடியவில்லை. சந்துப் பெண்கள் எல்லோரும் முனையில் வந்து நின்றிருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகி, கறுப்புத் தண்ணீரில் தொடைவரை நின்றிருந்தார்கள். முன்னால் ஜெயஸ்ரீ, பக்கத்தில் குப்பம்மா. எப்படியும் வருவார்கள் என்று ஜெயஸ்ரீ சொல்லியிருக்கிறாளே, காலையிலிருந்தே காத்திருக்கிறார்கள்.

"அண்ணே, வாங்கண்ணே!" என்றாள் ஜெயஸ்ரீ. "உள்ள ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்க. வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் நிக்குது. இந்தக்கா வூட்டுக்காரு எயுந்துக்க முடியாதவரு, கட்டில்ல கெடக்கறாரு. சாய்ங்காலம் ஓதம் ஏறிச்சின்னா முங்கிடும்ணே."

மாரியப்பன் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். செத்த எலி ஒன்று எண்ணெய்ப் படலத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஆள் இறங்கியிருப்பார். நல்ல மனசால் இல்லை, அப்படி யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். விமல் போனில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் கூட்டமாக நின்றார்கள், அடுத்து ஒரு தேர்தல் வருகிறது. வேட்டியை இன்னும் ஒரு சுற்று மேலே ஏற்றிக்கூட ஆயிற்று. ஏற்றிவிட்டுப் பக்கத்தில் திரும்பி, "இன்னா திரு, எறங்கலாமா?" என்று கேட்டார்.

எறங்குங்கண்ணே. ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜெயஸ்ரீ அவன் வாயையே பார்த்தாள். காலையில் ஒப்பித்த வாய்தானே, வந்துவிடும் என்று நம்பினாள். திருமுருகனோ அண்ணன் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் மூக்கு லேசாகச் சுருங்கியிருந்தது. நாற்றத்துக்கு எவன் மூக்கும் சுருங்கத்தான் செய்யும். ஆனால் அந்த மூக்கு சுருங்கினால் உடனே ஓடிப்போய் ஏதாவது செய்தே பழகிய ஜென்மம் இவன். வாய் தானாகத் திறந்தது.

"வாணாம்ணே. நீங்க போயி இந்தக் கலீஜுல எதுக்குண்ணே? இங்க பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம சந்துதான், நம்ம ஜனந்தான், சமாளிச்சிக்குவாங்க. நீங்க மொதல்ல மத்த ஜனங்களைப் பாருங்கண்ணே."

மாரியப்பனுக்கே ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. இவன் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார்.

"விமல், இத்த எடு! பாத்தியா? தன் வூட்ல தண்ணி நிக்கச்சொல்ல, அடுத்தவனைப் பாருங்கன்றான். இவன்டா தொண்டன்! தியாகின்னா இவன்!"

விமல் கிட்ட வந்து எடுத்தான். முதல்முறையாகத் திருமுருகன் முகம், பாதிக் காதோடு இல்லாமல், முழுதாகப் போட்டோவில் வந்தது. அவன் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. தூ, இந்தக் கண்ணீருக்கு அந்தச் சாக்கடைத் தண்ணீரே மேல். கும்பல் கை தட்டியது. மாரியப்பன் பெண்களைப் பார்த்து உயரமாகக் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, "தைரியமா இருங்கம்மா!" என்று சொல்லி நடையைக் கட்டினார். குடை அவர் தலைக்கு மேல், கொஞ்சமும் பிசகாமல், கூடவே போனது.

"இன்னாமே ஜெயா," என்றாள் குப்பம்மா, "ஒன் ஆளு இன்னா சொல்லிட்டுப் போறான்?"

சந்துப் பெண்கள் யாரும் ஜெயஸ்ரீயைத் திட்டவில்லை. அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மீன் விற்கிறவள், கொடுத்த வாக்கில்தான் வாடிக்கையே நிற்கிறது. இத்தனை வருஷம் மார்க்கெட்டில் ஒரு நாள்கூட அழுகின மீனைப் புது மீன் என்று சொன்னதில்லை, இன்று புருஷன் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போகிறான். அந்த நேரத்தில்தான் ஊர்வலத்தின் வால், அதாவது குட்டியானை, சந்து முனைக்கு உருண்டு வந்தது. முன்னால் போன கும்பல் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முகம் முன்னால் இருக்கும்போது எவன் பின்னால் பார்ப்பான்?

ஜெயஸ்ரீ தண்ணீரைவிட்டு வெளியே வந்து வண்டிக்குக் குறுக்கே நின்றாள்.

"பாய், எறக்கு."

"எத்த?" என்றார் சௌக்கத் அலி.

"மோட்டார. அண்ணன் கை காட்டிட்டுப் போனாரு, நீ பாக்கல?"

சௌக்கத் அலி பார்த்திருந்தார். அண்ணன் கை உயர்ந்ததை வண்டிக்குள்ளிருந்தே பார்த்திருந்தார். அது எதற்கு உயர்ந்த கை என்பது அவருக்குத் தெரியாமலும் இல்லை. சந்துத் தண்ணீரை ஒருமுறை பார்த்தார், பெண்கள் முகத்தைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார். "பாத்தேனே. நல்லாத்தான் கை காட்னாரு" என்று சொல்லிக் கீழே குதித்தார். அப்புறம் என்ன, மோட்டாருக்குப் பெண்களே தோள் கொடுத்தார்கள். குழாயின் ஒரு முனை பள்ளத்தில், மறு முனை மேட்டுக்கு அப்பால் கால்வாயில்.

ஊர்வலம் எங்கே போனது தெரியுமா? 'மத்த ஜனங்களை'ப் பார்க்க. அந்த மத்த ஜனம், மாரியப்பனின் சகலை. அவருடைய கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலில் தண்ணீர் புகுந்துவிட்டது, அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. கேட் முன்னால் விமல் இடம் பார்த்து நிறுத்தினான். மாரியப்பன் குரலை ஏற்றி, "மக்கள் கூடற எடம் இது, மோட்டாரை இங்க எறக்குங்க!" என்று கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பின்னால் ரோடு காலியாகக் கிடந்தது, காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் உருண்டு வந்தது.

"மோட்டாரு எங்கடா?"

கும்பல் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டது. டிரைவருக்குப் போன் போட்டார்கள், அவர் எடுக்கவில்லை. "லைவை நிறுத்துடா பேமானி!" என்று விமலுக்கு ஒரு திட்டு விழுந்தது. அடுத்தது, "திரு, நீ ஓடு! போயி எங்க கீதுன்னு பாத்து இட்டுனு வா!"

திருமுருகன் குடையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு விநாடி நின்றான். அதற்குள் ஸ்டானிஸ்லாஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். வயசான மனுஷன் தடுமாறுவார் என்று எதிர்பார்த்தான், ஸ்டானிஸ்லாஸ் நன்றாகவே பிடித்தார். அதைப் பார்த்துத்தான் இவனுக்குக் கவலை வந்தது. வீட்டில் தண்ணீர், பக்கத்து வீட்டில் முங்கப்போகிற கட்டில், காணாமல் போன மோட்டார், இதில் எதற்கும் வராத கவலை.

வழியெல்லாம் தேடிவிட்டுச் சந்து முனைக்கு வந்தபோது சத்தம் கேட்டது. மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கியிருந்தது, சுவரில் ஈரக்கோடு தனியாகத் தெரிந்தது. சௌக்கத் அலி வண்டியில் உட்கார்ந்து பீடியை நனையாமல் பற்ற வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் துள்ளாமல் இருக்க ஜெயஸ்ரீ அதன் மேல் ஏறி நின்றிருந்தாள். வீட்டு வாசலில் சௌமியா துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பாவம், அப்பாதான் மோட்டாரை அனுப்பி வைத்தார் என்று நினைத்துவிட்டாள்.

"நைனா, தண்ணி எறங்குது பாரு!" என்றாள்.

திருமுருகன் மகளைப் பார்க்கவில்லை. "ஜெயா, நிறுத்து அத்த," என்றான். "அண்ணன் கேக்கறாரு. வேற எடத்துக்கு வோணுமாம்."

"எந்த எடத்துக்கு?"

"மண்டபத்துக்கு."

குப்பம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ஜெயஸ்ரீ குழாயைவிட்டு இறங்கவில்லை.

"உன் சந்துல தண்ணியே இல்லன்னுதான சொன்ன? தண்ணி இல்லாத சந்துல மோட்டாரு எப்பிடி இருக்கும்? கெடைக்கலன்னு போய்ச் சொல்லு. ஒரு பொய் அந்தாளுக்காக சொன்ன இல்ல, ஒண்ணு எங்களுக்காகவும் சொல்லேன்."

அவள் குரல் அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் இறங்கியது. கோபத்தில் ஆரம்பித்தது கெஞ்சலாக முடிந்தது. இத்தனை நடந்த பிறகும் அவனுக்கு ஒரு வழி விட்டாள். அந்த வழியில் நுழைய ஒரு பொய் போதும், பொய் ஒன்றும் அவனுக்குப் புதிதும் இல்லை.

அப்போது போன் அடித்தது. மழையில் நனைந்திருந்த அவன் போன் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். போட்டான். மாரியப்பன் குரல் சந்து முழுக்க ஒலித்தது.

"இன்னாடா, கெடச்சுதா?"

திருமுருகன் ஜெயஸ்ரீயைப் பார்த்தான்.

"கெடச்சுதுண்ணே. நம்ம சந்துலதான் கீது. சில பொம்பளைங்க மடக்கி வச்சிக்கினு குடுக்க மாட்டேன்றாங்கண்ணே."

"எவ அவ? அங்க முன்னாடி நின்னுகினு கத்திச்சே, அது உன் சம்சாரந்தான? அதுவா?"

"சே சே! இல்லண்ணே! நம்ம வூட்ல அப்பிடிப் பண்ணுவாங்களா? இது யாரோ பொம்பளைங்கண்ணே. எனக்குத் தெரியாதுண்ணே."

"அப்ப ஸ்டேஷனுக்குச் சொல்லி ரெண்டு போலீஸ அனுப்பட்டா?"

மோட்டார் தடதடத்துக்கொண்டிருந்தது. சௌக்கத் அலி பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இவனைப் பார்த்தார்.

"அனுப்புங்கண்ணே," என்றான் திருமுருகன். "அந்தக் குடையை மட்டும் ஸ்டானிஸ்லாஸ் கையிலயே விட்டுறாதீங்க, தோ வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். ஜெயஸ்ரீ கத்துவாள் என்று எதிர்பார்த்தான். மார்க்கெட்டில் அரைக் கிலோ மீனுக்கே ஊரைக் கூட்டுகிறவள் அவள். கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பான், கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்திருப்பான், அதெல்லாம் அவனுக்குக் கைவந்த கலை. அவள் கத்தவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

"சௌமியா, கதவச் சாத்து," என்றாள். "யாரோ ஆம்பள ஒருத்தன் நின்னுகினு கீறான்."

சௌமியா அப்பனைப் பார்த்தாள். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.